உள்ளங்கை வெளிச்சம்

வானத்துக்கு ஒரு கணக்கு, பலூனுக்கு ஒரு கணக்கு, மேகலாவின் முகத்துக்கு ஒரு கணக்கு, இந்த மூன்றும் ஒரே படத்தில் ஒத்துவரவே வராது என்று முனகிக்கொண்டு கேமராவின் சக்கரத்தை முன்னே ஒரு தட்டு, பின்னே ஒரு தட்டு தட்டிக்கொண்டிருந்தான் சென்னியப்பன். ஒத்துவராமல் போனால் தேவலை என்று உள்ளே ஒரு ஆசை கிடந்தது, அதை லேசில் ஒத்துக்கொள்கிற ஆளா அவன். பொள்ளாச்சிக்கு வெளியே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் வெட்டவெளி மைதானம், பொங்கல் லீவு, பலூன் திருவிழா, சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மிளகாய் பஜ்ஜியும் கையுமாக வந்து நிற்கிறது. எதிரும் புதிருமாக இரண்டு வரிசையில் பலூன்களை ஊதித் தரையோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள், நடுவில் நாலு வண்டி போகிற அகலத்துக்கு ஒரு பாதை. அந்தப் பாதையில்தான் அவன் தங்கச்சி மேகலா நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பலூன், இவனுக்குப் பின்னால், முதுகை உரசுகிற கிட்டத்தில், ஒரு வெள்ளைப் பலூன். இன்னும் சற்று நேரத்தில் மைக்கில் எண்ணுவார்கள், எண்ணி முடித்ததும் எல்லாப் பலூனிலும் ஒரே சமயத்தில் தீயைத் திறந்துவிடுவார்கள், துணி மொத்தமும் உள்ளிருந்து ஒளிரும், நாலைந்து மூச்சு விடுகிற நேரம், அணைத்துவிடுவார்கள். இப்படி மூன்று தடவை, அதோடு திருவிழா முடிந்தது. அதற்குள் மேகலாவை ஒரு படம் எடுத்தாக வேண்டும். தாராபுரத்தில் விதைக்கடை வைத்திருக்கிற குருபரன் என்பவருக்கு இன்றைக்கே அனுப்ப வேண்டிய படம், கல்யாணத்துக்கு முன்னால் அவர் பார்க்கப்போகிற முதல் படம். அதைப் பார்த்துவிட்டு அந்த மனுசன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது.

அந்த மனுசன் கெட்டவர் இல்லை, அதுதான் தொந்தரவே. கெட்டவராக இருந்தால் போய்த் தொலைகிறான் என்று விட்டுவிடலாம். மேகலா உடுமலையில் ஒரு விதைக் கம்பெனியில் போனில் ஆர்டர் எடுக்கிறாள், தக்காளி விதை எத்தனை பாக்கெட், லாரியில் போட்டுவிடவா பஸ்ஸில் போட்டுவிடவா என்று ஆரம்பித்த பேச்சு, ஆடியில் ஆரம்பித்தது, ஐப்பசியில் விதையை மறந்துவிட்டார்கள், மார்கழியில் அவர் வீட்டு எருமை கன்று போட்டது வரைக்கும் இவளுக்குத் தெரிந்திருந்தது. குரல் அப்படி, மேகலாவின் குரலில் என்ன குறை. வாசலில் போனை வைத்துக்கொண்டு அவள் சிரிக்கிற சிரிப்பு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன் காதில் விழும், சோறு இறங்காது, சந்தோசமா பயமா என்று தெரியாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். வீடியோவில் மட்டும் வரமாட்டாள். போன வாரம் அவனுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள், "அவரு போட்டோ கேக்கறாருங்ணா. நீங்கதான் எடுக்கோணும். ஸ்டுடியோவுல வேண்டாம், பலூன் திருவிழாவுல எடுங்க." வருசா வருசம் இவன் இந்த மைதானத்துக்கு வந்து எடுக்கிற படங்கள்தான் இவனுடைய போட்டோ ஸ்டுடியோ சுவரெல்லாம், அதைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறாள் போல. "தீ வெளிச்சத்துலயா அம்மிணி" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான். கேட்ட பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம். "ஆமாங்ணா, தீ வெளிச்சத்துலதான்" என்றாள் அவள், ரசக் கரண்டி ஒரு பொட்டுகூட ஆடவில்லை.

தீ. மேகலா கல்லூரிப் படிப்பு முடித்த வருசம், அத்தை வீட்டில், பம்ப் ஸ்டவ் வெடித்தது. வலது காதிலிருந்து தாடை, தாடையிலிருந்து கழுத்து. அப்போது சென்னியப்பன் காங்கேயத்தில் ஒரு ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளையைப் பெண்ணின் தோள்மேல் கை போடச் சொல்லிக்கொண்டிருந்தான், போன் வந்தது, பேசினது யார் என்று இன்றைக்கும் நினைவில்லை, சிரிங்க மாப்ள சிரிங்க என்று சொல்லிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றுபோனது மட்டும் நினைவிருக்கிறது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கொசுவலைக்குள் படுத்திருந்தாள், களிம்பு வாசம், அவளுக்கு இடது பக்கமாகப் போய் உட்கார்ந்தான். அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். வீட்டில் சாப்பிடும்போது இடது பக்கம், பஸ்ஸில் இடது பக்கம், வண்டி ஓட்டினால் கண்ணாடியில் அவள் முகம் தெரியாதபடி கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பிவைத்துக்கொள்வான். பாவம் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்பான் யாராவது கேட்டால். யாரும் கேட்டதில்லை. இப்போது மைதானத்தின் மூலையில் ஏதோ ஒரு பலூன்காரன் சோதனைக்காகத் தீயைத் திறந்தான், புஸ்ஸென்று ஒரு சீறல், தரை அதிர்ந்தது, சென்னியப்பன் கேமராவைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். அசையாமல் நின்றாள். துப்பட்டாவின் நுனியை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

சரி, வேலையைப் பார்ப்போம், வேலையைப் பார்த்தால் மனசு அடங்கும். பாலக்காட்டுப் பக்கம் வானத்தில் இன்னும் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, தலைக்கு மேலே நீலம் இறங்கிவிட்டது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு படி குறைகிறது, இன்னொரு படி குறைகிறது. பலூன் படத்துக்கு நேரம் என்றால் இதுதான் நேரம், வானத்தின் வெளிச்சமும் துணியின் வெளிச்சமும் சரிக்குச் சரி நிற்கிற நேரம், முந்தினால் பலூன் வெளுத்துத் தெரியும், பிந்தினால் வானம் கரியாகிவிடும். வெளிச்சத்தை அளக்கிற கேமரா மீட்டரை நம்பவும் முடியாது. மீட்டருக்கு உலகத்தில் ஒரே நிறம்தான் தெரியும், சாம்பல். வெள்ளை வேட்டியைக் காட்டினாலும் சாம்பலாக்கப் பார்க்கும், கறுப்புக் கோட்டைக் காட்டினாலும் சாம்பலாக்கப் பார்க்கும், தீயைக் காட்டினால் ஐயோ என்று பயந்து மற்றதையெல்லாம் இருட்டாக்கிவிடும். அதனால்தான் கல்யாண போட்டோக்காரர்கள் கையை நம்புவது. முகூர்த்த நேரத்தில் புகை, வீடியோ லைட்டு, பெண்ணின் நெற்றிச்சுட்டி மினுமினுப்பு, இதற்கு நடுவில் யார் முகத்தைத் தேடி அளப்பது, தன் உள்ளங்கையை வெளிச்சத்துக்கு நீட்டி அதை அளந்து, அதிலிருந்து ஒரு படி கூட்டிவைத்தால் முகம் தப்பாமல் வரும். உள்ளங்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நிறம்தானே. சென்னியப்பன் இருபது வருசமாக அப்படித்தான் செய்கிறான், எத்தனை மணப்பெண், எத்தனை சீமந்தம், எத்தனை காதுகுத்து, ஒரு முகத்தைக்கூட அவன் மீட்டரால் தொட்டதில்லை. அதில் அவனுக்குப் பெருமை வேறு.

மைக்கில் எண்ண ஆரம்பித்தார்கள். கூட்டம் சேர்ந்து எண்ணியது. சென்னியப்பன் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனான், அதற்குள் சீறல் கிளம்பிவிட்டது, முன்னேயும் பின்னேயும் பக்கத்திலும், ஒரு மைதானத்துச் சீறல், முதுகில் அனல் அடித்தது, அந்த அனல் முதுகில் பட்டதும் அவனுக்கு அத்தை வீட்டு அடுக்களையின் கரிபிடித்த சுவர் கண்முன்னே வந்து நின்றுகொண்டது. அந்தச் சுவரைப் பிறகு வெள்ளையடித்துவிட்டார்கள், ஆனாலும் ஒரு மழைக்குக் கரி மேலே வந்துவிட்டது என்று அத்தை சொல்லி அழுதாள், அவள் ஏன் அழ வேண்டும், வெந்தது அவள் முகமா, இல்லை, அவளும்தான் பாவம், எல்லோரும் பாவம்தான், குருபரனும் பாவம், எருமைக் கன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், என்ன வரப்போகிறது என்று தெரியாமல். படத்தைத் திறப்பார். திறந்து, பார்த்து, பதில் எழுத மாட்டார். நாலு நாள் கழித்து விதை ஆர்டர் வேறு யாராவது எடுப்பார்கள். மேகலா சாப்பாட்டு மேசையில் ஒன்றும் ஆகாத மாதிரி ரசம் ஊற்றுவாள், அதை எப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. வேறொரு வழி இருக்கிறது. பின்னால் எரிகிற மஞ்சள் பலூனுக்கு அளவு வைத்தால் முன்னால் நிற்கிறவள் நிழலுருவமாகிவிடுவாள், மூக்கு, நெற்றி, காற்றில் ஆடுகிற முடி, அழகாக இருக்கும், பார்க்கிறவன் சொக்கிப்போவான், பொய்யும் இல்லையே, அவள்தானே அது. சீறல் நின்றது. கூட்டம் கைதட்டியது. சென்னியப்பன் ஒரு படமும் எடுத்திருக்கவில்லை. "என்னங்ணா" என்று அங்கிருந்தே கேட்டாள் மேகலா. "வெளிச்சம் பாத்தேன் அம்மிணி" என்று மென்று முழுங்கினான்.

இரண்டாவது தடவைக்கு வானம் இன்னும் இறங்கியிருந்தது. எண்ணிக்கை முடியும்போதே இடது கையை நீட்டிவிட்டான், யாரும் சொல்லவில்லை, பழக்கம், கை தானாகப் போகிறது. வெள்ளைப் பலூன் முதுகுக்குப் பின்னால் ஒளிர ஆரம்பித்ததும் உள்ளங்கையைப் பின்னால் திருப்பி அதன்மேல் மீட்டரை வைத்தான், ரேகையெல்லாம் பளிச்சென்று தெரிந்தது, ஒரு படி கூட்டினான், கேமராவைத் தூக்கி அழுத்தினான், அழுத்தினான், அழுத்தினான். சீறல் அடங்கியது. மேகலா வந்துவிட்டாள், அவனுக்கு இடது பக்கமாக வந்து நின்று எட்டிப் பார்த்தாள், அவன் ஒரு அடி சுற்றி நகர்ந்து அவளுடைய இடது பக்கத்துக்குப் போய்க்கொண்டான். கேமராவின் முதுகுத் திரையில் மஞ்சள் பலூன் அத்தனை நிறத்தோடும் நின்றது, ஒவ்வொரு தையலும் தெரிந்தது, வானம் நீலம் மாறாமல் இருந்தது, நடுவில் ஒரு பெண், முழுக்க இருட்டு. போட்டிக்கு அனுப்பினால் பரிசு நிச்சயம்.

"நல்லா வந்துருக்குதல்ல" என்றான் சென்னியப்பன். குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

மேகலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது யாருங்ணா?"

"யாரு, நீதான்."

"நான்னு எப்படித் தெரியும்?"

"இங்கத்த வெளிச்சம் அப்படி அம்மிணி. பலூன் எம்முதுகுல நிக்குது, என் கையில விழற வெளிச்சம் அத்தனை தூரத்துல நிக்கற உம்மேல விழறதில்ல. கையப் பாத்து அளந்துட்டேன், தப்பாயிருச்சு."

சொன்னது அத்தனையும் உண்மை. கல்யாண மண்டபத்தில் மேடை முழுக்க ஒரே வெளிச்சம், அங்கே கை பொய் சொல்லாது, இங்கே அடி வைக்க அடி வைக்க வெளிச்சம் தேய்கிறது, படிக்கிற பையன்கூடச் செய்யாத தப்பு. ஆனால் இருபது வருசக்காரன் ஏன் செய்தான், கை செய்த தப்பா, கைக்குச் சொல்லிக்கொடுத்து மனசு செய்த தப்பா, அதை அவன் தனக்குள்ளேயே கேட்டுப் பார்க்கப் பயந்தான். "இதையே அனுப்பிரலாமா" என்று கேட்டான், கெஞ்சுகிற மாதிரி வந்தது. "அழகா இருக்குது. அப்புறம் மெதுவா, நேர்ல பாக்கையில சொல்லிக்கலாம்."

"என்னத்தச் சொல்லறது?"

சென்னியப்பன் கேமராவின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அவருக்குத் தெரியுமுங்ணா" என்றாள் மேகலா. "ஐப்பசியிலயே சொல்லிட்டேன். இந்தக் காதுலயிருந்து இந்தக் கழுத்து வரைக்கும்னு சொன்னேன். வலிக்குமான்னு கேட்டாரு, வெயில்ல மட்டும் எரியும்னேன். அன்னைக்கே முடிஞ்சு போச்சு அந்தப் பேச்சு."

"அப்ப எதுக்குப் போட்டோ?"

"அவரு கேட்டது நெசந்தான். வேணும்னா ஆபீசு கார்டுல இருக்கறத அனுப்பிருப்பேன், எனக்கென்ன." ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். "அந்தக் கார்டு போட்டோ எங்க எடுத்தேன்னு தெரியுமாங்ணா உங்களுக்கு?"

தெரியும். நன்றாகவே தெரியும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற இன்னொரு ஸ்டுடியோவின் கவர் வீட்டு அலமாரிக்கு மேலே கிடந்ததை அவன் பார்த்தான், எடுத்துத் திருப்பிப் பார்த்தான், அந்தப் பெயர் அச்சடித்த கவரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஒரு வளைகாப்புக்குக் கிளம்பிப் போனான்.

"சின்ன மாமன் கல்யாணத்துல லைட்டப் புடின்னு சொன்னீங்க, புடிச்சேன். அத்தை மக சீருக்கு லைட்டுக் குடையப் புடின்னு சொன்னீங்க. அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துல குடும்பத்தோட நிக்கறதுக்கு வந்தேன், அம்மிணி அந்த ப்ளாஷக் கொஞ்சம் பாரு, நிக்கமாட்டேங்குதுன்னீங்க. அது நல்லாத்தான் நின்னுச்சு. ஊருல இருக்கற மூஞ்சியெல்லாம் எடுக்கறீங்க. இந்தத் தை முடியறதுக்குள்ள நான் போயிருவேன். நம்ம வீட்டுல நானிருந்தேங்கறதுக்கு நீங்க எடுத்த படம் ஒண்ணுகூட இல்லீங்ணா."

கோபமாகச் சொன்னால்கூடத் தாங்கியிருப்பான். பஜ்ஜிக் கடையில் சட்னி கேட்கிற குரலில் சொன்னாள், சொல்லிவிட்டுத் திரும்பித் தன் இடத்துக்கு நடந்தாள், மஞ்சள் பலூனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, வலது பக்கத்து முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். சென்னியப்பன் கேமராவை இறக்கிப் பிடித்தான். குருபரன் வேண்டாமென்று சொல்லிவிடுவார் என்று பயந்தேனே, அவர் எங்கே சொன்னார், சொன்னது நானல்லவா, ஒவ்வொரு விசேசத்துக்கும் ஒவ்வொரு தடவை, லைட்டைப் பிடி, குடையைப் பிடி என்று, பிரியமாக வேறு சொன்னேன், பாவம் அவளுக்குச் சங்கடம் என்று வேறு நினைத்தேன். மைக்கில் கடைசித் தடவை என்று அறிவித்தார்கள். வானத்தில் நீலம் கடைசிச் சொட்டில் இருந்தது. இனிக் கை உதவாது. அவள் முகத்தில் விழுகிற வெளிச்சம் அவள் முகத்தில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் தீ எரிகிறபோது மட்டும், முன்கூட்டி அளந்துவைக்க வழியே இல்லை, எரிய ஆரம்பித்ததும் மீட்டரின் புள்ளியை அங்கே வைத்தாக வேண்டும், பார்த்தாக வேண்டும், அணைவதற்குள் அழுத்தியாக வேண்டும். கூட்டம் எண்ணியது. அவனுக்கு எண்ணிக்கை எங்கோ கேட்டது.

தீ திறந்தது. கண்ணாடி வழியாக அவள் முகம் இருட்டிலிருந்து மேலே வந்தது, சென்னியப்பன் புள்ளியை நெற்றிக்குக் கொண்டுபோனான், நெற்றியில் முடி நிழல், இடது கன்னத்துக்குக் கொண்டுபோனான், அது பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தது, வெள்ளைப் பலூனின் வெளிச்சம் நேராக விழுந்த இடம் வலது கன்னம்தான், வேறு இடமில்லை. வை, வையேன்டா, என்று யாரோ உள்ளே அதட்டினார்கள். வைத்தான். வெந்து ஆறின தோல், சில இடம் வழவழப்பு, சில இடம் சுருக்கம், தாடை ஓரத்தில் தோல் இழுத்துப் பிடித்ததில் உதட்டு முனை கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது, காது மடல் பாதி. இவ்வளவுதானா. பத்துப் பன்னிரண்டு வருசமாக இதையா நான் சுற்றிச் சுற்றிப் போனேன். இல்லை, இவ்வளவுதானா என்று சொல்ல நீ யார், எரிந்தது உனக்கா, வெயிலில் எரியும் என்று அந்த மனுசனுக்குச் சொல்லியிருக்கிறாள், கூடவே இருக்கிற எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஒரு வார்த்தை கேட்டிருக்கிறேனா. முள் நகர்ந்து நின்றது, மீட்டர் அவள் கன்னத்தையும் சாம்பல் என்றுதான் நினைத்தது, அவன் ஒரு படி குறைத்து அவள் மாநிறத்துக்குக் கொண்டுவந்தான், பின்னால் மஞ்சள் பலூன் வெளுத்துப்போகும், போகட்டும், வானம் போகட்டும், கண் கலங்கிக் கண்ணாடி மங்கியது, அப்படியே அழுத்தினான். ஒரு படம். இன்னொன்றுக்கு விரல் போவதற்குள் சீறல் நின்றுவிட்டது, மைதானம் இருண்டது, பலூன்கள் மெல்லச் சாய ஆரம்பித்தன.

மேகலா ஓடி வந்தாள். இந்தத் தடவை சென்னியப்பன் நகரவில்லை. இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். பலூன் இருந்த இடத்தில் வெறும் வெளுப்பு, அதற்கு முன்னால் அவள் முகம், முழுக்க, ஒரு மயிரிழை விடாமல். கண்கள் இரண்டும் இறுக்கி மூடியிருந்தன. சும்மா இமைத்த மூடல் இல்லை, அடி விழப்போகிற குழந்தை மூடுகிற மூடல், புருவம் நெரிந்து, பல் கடித்து, துப்பட்டா நுனி கைக்குள் கசங்கி. மூன்று தடவையும் இப்படித்தான் நின்றிருக்கிறாள். அசையாமல் நிற்கிறாள் என்று இவன் நினைத்துக்கொண்டிருந்தான், கடைசித் தடவைகூடக் கன்னத்தைப் பார்த்தவன் கண்ணைப் பார்க்கவில்லை.

"கண்ண மூடிட்டேன்" என்றாள் மேகலா. குரல் முதல் தடவையாக உடைந்தது. "தொறந்து வெக்கோணும் வெக்கோணும்னுதான் நெனச்சேன். சத்தம் கேட்டதும் முடியலீங்ணா. இது வேண்டாம். இன்னொண்ணு எடுங்க."

"இனித் தீ வெக்க மாட்டாங்க."

"தீ இல்லாம எடுங்க."

வானத்தில் ஒன்றும் மிச்சமில்லை. கூட்டம் கலைந்து பாதை வழியாக இவர்களை இடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. பஜ்ஜி வண்டியில் மட்டும் ஒரு குண்டு பல்ப் தொங்கியது, எண்ணெய்ப் புகை பிடித்த பல்ப். சென்னியப்பன் அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனான். வண்டிக்காரர் ஓரமாக நகர்ந்து இடம் விட்டார். கையை நீட்டி வெளிச்சம் பார்க்கவில்லை. மணப்பெண்களுக்கு எத்தனையோ தடவை செய்ததை இவளுக்குச் செய்தான், இரண்டு விரலால் தாடையைத் தொட்டு, இழுபட்ட தோலைத் தொட்டு, முகத்தைக் கொஞ்சம் தூக்கி, வலது கன்னத்தை பல்ப் பக்கம் திருப்பினான்.

"கை நடுங்குதுங்ணா உங்களுக்கு. படம் ஆடிப்போயிரும்."

"ஆடட்டும். நீ கண்ணத் தொறந்து வெச்சுக்கோ அம்மிணி."